மாமாவின் தேயிலைப் பெட்டியில் 63 வீடியோ கேம் சஞ்சிகைகள்: எப்படிக் காப்பாற்றுவது, எப்படிப் பட்டியல் போடுவது?

#1 – கொழுந்துக்கூடை, ஹட்டன்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் என் தாய்மாமா காலமாகிவிட்டார். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். அவருடைய சாமான்களை ஒதுக்கும்போது ஒரு பழைய தேயிலைப் பெட்டி கிடைத்தது. திறந்தால் முழுக்க வீடியோ கேம் சஞ்சிகைகள், எல்லாம் இங்கிலாந்தில் அச்சானவை. எண்ணிப் பார்த்தேன், 63. 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' தான் அதிகம். 'கிராஷ்', 'யுவர் சின்க்ளேர்' கொஞ்சம், 'ஸாப்!64' நாலு, 'மீன் மெஷின்ஸ்' ஏழு. மிகப் பழையது 1984, கடைசி 1992.

அந்தத் தோட்டத்துத் துரை (தோட்ட மேலாளர்) குடும்பத்தோடு வெளிநாடு போனபோது பங்களாவில் ஒதுக்கிய புத்தகக் குவியலில் இருந்து மாமா எடுத்து வந்தார் என்று அம்மா சொல்கிறார். இருபது வருடத்துக்கு மேல் லயத்து வீட்டுப் பரணில், அடுப்புக்கு நேர் மேலே இருந்ததாம். ஐந்து வருடத்துக்கு முன் ஹட்டனில் கல்வீடு கட்டி வந்தபோது பெட்டியைப் பின்னறையில் வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது மேலே உள்ளவற்றில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். அடியில் இருந்த ஒன்பது சஞ்சிகைகள் செங்கல் மாதிரி ஒட்டிப்போய்விட்டன. அம்மா வெயிலில் காய வைக்கச் சொல்கிறார். செய்யலாமா? காப்பாற்றினால் பட்டியல் எப்படிப் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 – ஊவாக்காற்று, பண்டாரவளை

தம்பி, மாமாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். நான் பாடசாலை நூலகத்தில் 22 வருடம் வேலை செய்தவள். முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன்: வெயில் வேண்டாம். அட்டையின் சிவப்பும் மஞ்சளும் வெளிறிவிடும், தாள் நெளிந்துவிடும். காற்றோட்டமான நிழலில், ஒவ்வொன்றையும் விசிறி மாதிரி விரித்து நிற்க வையுங்கள். மின்விசிறி இருந்தால் நேராகப் படாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி விடுங்கள்.

பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. அது தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்து பொடியாக வந்த பிறகு வெளித்திண்ணையில் உட்கார்ந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டி விடுங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார விடாதீர்கள். அந்தப் பொடி நெஞ்சுக்கு ஆகாது.

ஒட்டிப்போன ஒன்பதும் இன்னும் ஈரமாக இருக்கிறதா, காய்ந்துவிட்டதா? இதை உடனே சொல்லுங்கள். வழவழப்பான சஞ்சிகைத் தாளின் மேல் வெள்ளைக் களிமண்ணைப் பசையோடு கலந்து பூசியிருப்பார்கள். ஈரம் பட்டால் அந்தப் பசை இளகும், காயும்போது பக்கத்துத் தாளோடு சேர்ந்து இறுகும். ஈரமாக இருக்கும்போது பிரித்தால் வரும். இறுகிவிட்டால் இழுக்க இழுக்க எழுத்துத்தான் உரிந்து வரும். ஈரம் இருந்தால் பொலித்தீன் பையில் சுற்றி இன்றைக்கே டீப் ஃபிரீசரில் வையுங்கள். கெடாமல் நிற்கும், பிறகு நிதானமாகப் பிரிக்கலாம்.

பரணில் நன்றாக இருந்தது கல்வீட்டில் ஏன் கெட்டது என்பதற்குக் காரணம் இருக்கிறது. தேயிலைப் பெட்டி பிளைவுட், உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியது. தேயிலைக்கு ஈரம் ஏறக்கூடாது என்றே அப்படிச் செய்வார்கள். கீழே அடுப்புச் சூடும் புகையும், அதனால் பூச்சி வராது. அதற்காகத் திரும்பப் பரணில் ஏற்றிவிடாதீர்கள், புகைக்கரி தாளைப் பழுப்பாக்கும். ஆனால் உங்கள் மாமா கண்ட இடத்தில் போட்டு வைக்கவில்லை. லயத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

#3 – கோட்டைபஸ், கொழும்பு

ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். இந்தச் சஞ்சிகைகள் எல்லாம் இங்கிலாந்தில் பெருவாரியாக விற்றவை. யாரோ எப்போதோ ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். பழையவற்றைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் தேடினால் வந்துவிடும். நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு பூஞ்சணம் தட்டி, பெட்டி வாங்கி, இடம் ஒதுக்கி வைப்பதால் யாருக்கு என்ன கிடைக்கும்? நல்ல பிரதி பத்தை மட்டும் நினைவுக்கு வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. நானும் அப்பாவின் புத்தகங்களை இடமில்லாமல் கொடுத்தவன். அந்த வலி தெரிந்துதான் சொல்கிறேன்.

#4 – பழையடிஸ்க், கண்டி

நியாயமான கேள்வி, அதனால் முழுசாகப் பதில் சொல்கிறேன். நான் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பழைய டிஸ்க், கேசட் இவற்றில் இருந்து தரவு எடுப்பது எனக்கு இருபது வருடப் பழக்கம்.

ஸ்கேன் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது நாளைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. 2016இல் 'நின்டெண்டோ பவர்' சஞ்சிகையின் ஸ்கேன்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருந்து உரிமையாளர் கேட்டு எடுக்கப்பட்டன. 2024 ஒக்டோபரில் அந்தத் தளமே தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் முடங்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 1,500க்கும் மேற்பட்ட பழைய இதழ்களைச் சொல் தேடிப் படிக்கும்படி இணையத்தில் திறந்தது. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அவர்களே தாளையும் தூக்கிப் போடாமல் நூலகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, ஸ்கேன் தரம். பல ஸ்கேன்கள் பதினைந்து இருபது வருடத்துக்கு முன், இணையம் மெதுவாக இருந்த காலத்துக்குச் சுருக்கப்பட்டவை. பெரிய எழுத்தைப் படிக்கலாம். ஆனால் அந்தக் காலச் சஞ்சிகையில் பக்கம் பக்கமாக 'பேசிக்' (BASIC) என்ற கணினி மொழியில் நிரல் அச்சடித்திருப்பார்கள், வாங்கியவர் உட்கார்ந்து தட்டச்சு செய்து விளையாட வேண்டும். அதில் 8 எது, 6 எது, B எது என்று தெரியாவிட்டால் நிரல் ஓடாது. எண் ஒன்று மங்கினால் அந்தப் பக்கமே பயனில்லை.

ஆனால் உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 63ஐயும் திரும்ப ஸ்கேன் செய்ய அவசியமில்லை. எது நன்றாக ஏற்கனவே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, இல்லாததை மட்டும் செய்யலாம்.

#5 – கொழுந்துக்கூடை, ஹட்டன்

அக்கா, ஒன்பதில் ஐந்து இன்னும் ஈரமாக இருக்கிறது, நாலு இறுகிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் நண்பனிடம் சொல்லி, ஐந்தையும் அவன் ஃபிரீசரில் ஒரு மூலையில் வைத்துவிட்டேன். இரண்டு பை போட்டுச் சுற்றியிருக்கிறேன்.

கோட்டைபஸ் அண்ணன் கேட்டதையும் யோசித்தேன். மேலே உள்ளவற்றைத் தட்டும்போது ஒன்று கவனித்தேன். நிறையப் பக்கங்களில் ஓரத்தில் மாமாவின் பென்சில் எழுத்து இருக்கிறது. 1985ஆம் ஆண்டு 'கிராஷ்' ஒன்றில் கடைசிப் பக்கத்தில் '35899,0' என்று எழுதி, பக்கத்தில் தமிழில் 'சாகாது' என்று எழுதியிருக்கிறார். நடுவில் கமா இருப்பதால் டெலிபோன் நம்பராக இருக்காது. தோட்டக் கணக்காக இருக்குமோ? யாருக்காவது புரிகிறதா?

#6 – பழையடிஸ்க், கண்டி

தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அது கணக்கு இல்லை. டிவியில் மாட்டி ஓட்டும் அந்தக் காலத்து வீட்டுக் கணினியான ஸெட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தில் 'போக்' (POKE) என்று ஒரு கட்டளை உண்டு. நினைவகத்தில் இந்த இலக்க வீட்டில் இந்த எண்ணைக் கொண்டுபோய் வை என்று அர்த்தம். 1984இல் வந்த 'ஜெட் செட் வில்லி' என்ற விளையாட்டில் 35899ஆம் இடத்தில் இருப்பது உயிரில் ஒன்றைக் குறைக்கும் கட்டளை. அங்கே 0 வைத்தால் ஸ்பெக்ட்ரத்தின் ஸெட்80 சில்லு அதை 'ஒன்றும் செய்யாதே' என்று படிக்கும். உயிர் குறையாது. எத்தனை முறை விழுந்தாலும் ஆட்டம் முடியாது.

மாமா எழுதிய 'சாகாது' அதுதான். இதைவிடச் சரியாக, சுருக்கமாகத் தமிழில் யாரும் எழுத முடியாது.

இந்த எண்ணைச் சும்மா பார்த்து எழுதி வைப்பதில் பயனில்லை. கேசட்டில் இருந்து விளையாட்டை ஏற்றி, ஓடத் தொடங்கும் முன் நிறுத்தி, இதைத் தட்டச்சு செய்ய வேண்டும். அப்படியென்றால் அந்தத் தோட்டத்தில் ஸ்பெக்ட்ரம் இருந்திருக்கிறது. மாமா அதைத் தொட்டிருக்கிறார், அல்லது தொட்டவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவிடம் கேளுங்கள், தயவுசெய்து.

கோட்டைபஸ் அண்ணே, இணையத்தில் இருக்கும் எந்த ஸ்கேனிலும் இந்தப் பென்சில் எழுத்து கிடையாது.

#7 – கொழுந்துக்கூடை, ஹட்டன்

கேட்டேன். அம்மா முதலில் ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார். பிறகு தேங்காய் துருவிக்கொண்டே தானாகச் சொல்லத் தொடங்கினார்.

துரைக்கு ஒரு மகன், பன்னிரண்டு பதின்மூன்று வயது. கொழும்பில் விடுதியில் படித்தவன், விடுமுறைக்கு மட்டும் தோட்டத்துக்கு வருவான். அவனுக்கு 'டிவியில் மாட்டுற டைப்ரைட்டர்' ஒன்று இருந்ததாம். பங்களாவில் தனியாக இருப்பான், விளையாட ஆளில்லை. மாமாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும், ஆபீசில் டைப் அடிப்பதில் கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்புவார்களாம். சஞ்சிகையில் அச்சடித்திருப்பதைப் பையன் வாசிக்க வாசிக்க மாமா டைப் அடிப்பார். முன்வாசலால் போக முடியாது, குசினிப் பக்கத்தால்தான் போய் வருவார் என்றும் அம்மா சொன்னார். அதைச் சொல்லும்போது துருவுவதை நிறுத்திவிட்டார்.

மாமா என்னிடம் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நான் சின்ன வயதில் டிவி கேமுக்கு அழுதபோது சம்பளத்தில் சேர்த்து எட்டு பிட் பெட்டி ஒன்று வாங்கித் தந்தவரும் அவர்தான்.

பட்டியல் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். எதையும் தூக்கிப் போடப் போவதில்லை.

#8 – ஊவாக்காற்று, பண்டாரவளை

அப்படியானால் பட்டியலையும் அதற்கேற்ற மாதிரிப் போடுவோம். நூலகத்தில் இரண்டு விஷயத்தைப் பிரித்து வைப்போம். ஒன்று இதழ்: 1985 ஜூன் 'கிராஷ்' என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான். மற்றது பிரதி: உங்கள் கையில் இருக்கும் அந்த ஒன்று. இணையத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதழைப் பட்டியலிடுகிறார்கள். நீங்கள் பிரதியைப் பட்டியலிட வேண்டும்.

ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். முதல் கட்டத்தில் உங்கள் சொந்த இலக்கம், 001 முதல் 063 வரை. இதை ஒருபோதும் மாற்றாதீர்கள், ஒரு பிரதி தொலைந்தாலும் அதன் இலக்கத்தை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். பிறகு சஞ்சிகையின் பெயர், அட்டையில் இருக்கிறபடி. அட்டைத் திகதி, இதழ் எண், வெளியீட்டாளர், அச்சிட்ட விலை. பக்கம் எத்தனை இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று இரண்டு கட்டம். இணைப்பாக வந்த போஸ்டர், வரைபடம், கேசட் இருக்கிறதா, இருந்த அடையாளமாவது இருக்கிறதா.

பிறகு வருவதுதான் முக்கியம், 'பிரதிக் குறிப்பு' என்று ஒரு கட்டம். பென்சில் எழுத்து எந்தப் பக்கத்தில், என்ன எழுதியிருக்கிறது, எழுத்துக்கு எழுத்து அப்படியே. பிழை இருந்தால் திருத்த வேண்டாம். விலை ஒட்டுத்தாள், கடை முத்திரை, தேநீர்க் கறை, மடித்த மூலை, வெட்டி எடுத்த கூப்பன் எல்லாம். அந்தப் பையன் அட்டையில் தன் பெயர் எழுதியிருந்தால் 'முன்னாள் உரிமையாளர் பெயர் உண்டு' என்று மட்டும் போடுங்கள். பெயரைப் பொதுவில் போடாதீர்கள், அவர் இன்று எங்கோ இருப்பார்.

அம்மா சொன்னதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். திகதி போட்டு, எந்தப் பிரதியைப் பற்றிப் பேசினார் என்று இலக்கத்தோடு சேர்த்து வையுங்கள். நினைவும் பட்டியலில் ஒரு பகுதி. அதற்குத்தான் அவசரம், தாள் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

இலக்கத்தைச் சஞ்சிகையில் பேனையால் எழுதாதீர்கள். மென்மையான பென்சிலால் பின்னட்டை உள்மூலையில் சின்னதாக எழுதுங்கள். செலோடேப் எங்கேயும் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் அந்த இடம் மஞ்சளாக எரிந்துவிடும். தாளைக் கோத்த கம்பிப் பின் துருப்பிடித்திருந்தால் நடுப்பக்கத்தைத் திறந்து, அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்துப் பின்னின் கால்களை நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளையில் பருத்தி நூலால் தையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், பொலியெஸ்டர் உறை கிடைக்காவிட்டால் அமிலமில்லாத வெள்ளைத் தாளில் சுற்றினாலே போதும்.

காற்றின் ஈரலிப்பு 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் முளைக்கும். பக்கத்தில் வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஹட்டனில் இருந்துகொண்டு அதோடு சண்டை போட முடியாது, ஆனால் இடம் பார்த்து வைக்கலாம். வெளிச்சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் இருந்து ஒரு அடி மேலே. தகரப் பெட்டி வேண்டாம், இரவுக் குளிரில் உள்ளே வியர்க்கும். பெரிய வேலைகளைத் தை பிறந்து பங்குனி நடுவுக்குள் முடியுங்கள். வைகாசியில் மழை இறங்கிவிட்டால் பெட்டியை அடிக்கடி திறக்க வேண்டாம்.

#9 – தேம்ஸ்கரை, லண்டன் (ஊர் தலவாக்கலை)

இழை முழுவதும் படித்தேன். இங்கே பழைய சஞ்சிகை சேர்ப்பவன் என்பதால் அக்கா சொன்னதில் ஒரு சில இடங்களைச் சேர்க்கிறேன்.

அட்டைத் திகதியை விற்பனைக்கு வந்த திகதி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இங்கே ஒரு மாதம் முன்தள்ளித்தான் திகதி போடுவார்கள். பிறகு அது கப்பலில் இலங்கைக்கு வர இன்னும் சில மாதம் ஆகியிருக்கும். கொழும்புக் கடை விலை ஒட்டுத்தாள் இருந்தால் அது பெரிய தடயம். இல்லாமல் பவுணில் மட்டும் விலை இருந்தால் யாரோ கையில் கொண்டுவந்தது அல்லது தபாலில் அனுப்பியது.

பெயர் மாற்றம் உங்களைக் குழப்பும். 'யுவர் சின்க்ளேர்' 1984இல் 'யுவர் ஸ்பெக்ட்ரம்' என்று தொடங்கியது. 1986 ஜனவரியில் பெயர் மாறியபோது இதழ் எண்ணும் மறுபடி 1இல் இருந்து தொடங்கியது, 1993 செப்டெம்பரில் 93ஆவது இதழோடு நின்றது. 'கிராஷ்' 1984 பெப்ரவரியில் லட்லோ என்ற சின்ன ஊரில் இருந்து நியூஸ்ஃபீல்ட் என்ற கம்பனி தொடங்கியது, 'ஸாப்!64'உம் அவர்களுடையதுதான், 1985 மே. அந்தக் கம்பனி 1991இல் விழுந்த பிறகு யூரோபிரஸ் கைக்குப் போனது. அதனால் ஒரே சஞ்சிகைக்கு இரண்டு வெளியீட்டாளர் வரும், ஒவ்வொரு பிரதியிலும் உள்ளே சின்ன எழுத்தில் பார்த்துத்தான் எழுத வேண்டும். 'மீன் மெஷின்ஸ்' 1990 ஒக்டோபரில் வந்து 24 இதழ்தான். 1992இல் சேகாவுக்கு ஒன்று, நின்டெண்டோவுக்கு ஒன்று என்று பிரிந்தது. உங்களிடம் ஏழு இருப்பது மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட.

தம்பி, ஒரு வேண்டுகோள். இறுகிப்போன நாலையும் தூக்கிப் போடாதீர்கள். முதுகுப் பக்கத்தில் தெரியும் எழுத்தை வைத்து எந்த இதழ் என்று கண்டுபிடித்துவிடலாம். படம் போடுங்கள், என்னிடம் இருக்கும் பிரதியோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

#10 – கோட்டைபஸ், கொழும்பு

'சாகாது' படித்த பிறகு என் முதல் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். பிரதி முக்கியம் என்பது புரிந்தது.

ஆனால் மனதில் இன்னொன்று உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா தொழிற்சங்கத்தில் இருந்தவர். துண்டுப்பிரசுரம், மாநாட்டு மலர், தோட்டப் பாடசாலை ஆண்டு மலர் என்று வீடு நிறைய இருந்தது. எல்லாம் செல்லரித்துப் போய்விட்டது. மலையகத்தில் தமிழில் அச்சான எத்தனையோ சின்னச் சஞ்சிகைகளுக்கு ஒரு பிரதிகூட மிச்சமில்லை. இங்கிலாந்து கேம் சஞ்சிகைக்கு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நம்முடையதற்கு நாம்தானே? நேரமும் ஸ்கேனரும் கொஞ்சமாக இருக்கும்போது எதை முதலில் எடுப்பது?

#11 – ஊவாக்காற்று, பண்டாரவளை

தமிழை முதலில் எடுப்பதுதான் சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 2005 முதல் நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வருகிறது, மலையக வெளியீடுகளும் அதில் உண்டு. உங்கள் உறவினர் வீடுகளில் இன்னும் ஏதாவது மிஞ்சியிருந்தால் தயவுசெய்து அவர்களிடம் பேசுங்கள். ஒரு மலர் மட்டும் இருந்தாலும் போதும்.

ஆனால் கொழுந்துக்கூடைத் தம்பி பெட்டியைத் திறந்தது மாமாவுக்காக. அந்த அன்பினால் அவர் கற்றுக்கொள்ளும் கைவேலை, நாளை ஒரு பாடசாலை மலர் கையில் கிடைத்தால் அதற்கும் உதவும். பூஞ்சணத்துக்கு மொழி கிடையாது. தம்பி, பெட்டியின் அடியில் செய்தித்தாள் விரித்திருக்கிறதா? தேயிலைப் பெட்டியில் சாமான் வைப்பவர்கள் பெரும்பாலும் விரிப்பார்கள். இருந்தால் குப்பையில் போடாமல் அதையும் பட்டியலில் சேருங்கள்.

#12 – பழையடிஸ்க், கண்டி

ஸ்கேன் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பென்சில் எழுத்துள்ள பக்கங்களை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் மறைந்துவிடும். பக்கத்துக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியாது. அச்சுப் புள்ளிகளால் அலை அலையாகக் கோடு விழும், அதை மூலக் கோப்பில் திருத்த வேண்டாம். டிஃப் (TIFF) என்ற படக் கோப்பாக அப்படியே வைத்துவிட்டு, பார்ப்பதற்கான பிரதியில் மட்டும் சரிசெய்யுங்கள். முதுகை வெட்டித் தாள் தாளாக ஸ்கேன் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், வேகமாக முடியும். இந்தப் பெட்டிக்கு அது வேண்டாம்.

கோப்புப் பெயரில் ஆண்டை முதலில் போடுங்கள், தானாக வரிசையாகும். மூன்று பிரதி: வீட்டில் ஒன்று, வேறு வகை டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. கண்டியில் ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன்.

முழு இதழையும் பொதுவில் போடுவது வேறு விஷயம். நம் நாட்டு 2003ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை உண்டு, இவை எதுவும் அந்தக் காலத்தைக் கடக்கவில்லை. பட்டியலையும் மாமாவின் குறிப்புள்ள ஓரங்களையும் தாராளமாகப் பகிரலாம்.

#13 – மஸ்கெலியாமழை, மஸ்கெலியா

நான் புதுசு. இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. எங்கள் அம்மாயி வீடு லயம்தான். குளிருக்கும் கரிக்கும் சுவரில் தாள் ஒட்டியிருப்பார்கள் தெரியும்தானே, காலண்டர், செய்தித்தாள், சினிமாப் படம் எல்லாம். நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு அங்கே போனபோது கட்டிலுக்கு மேல் பார்த்தேன். ஒரு ஆங்கிலத் தாளில் மூன்று ஆட்களின் முகம் வரைந்து, பக்கத்தில் வீத அடையாளத்தோடு எண்கள். அதில் 'ஹூக்கபிலிட்டி', 'லாஸ்டபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. இதுவும் கேம் சஞ்சிகையா? அடுத்த மாதம் அந்த லயத்தை உடைத்துவிட்டுப் புது வீடு கட்டப் போகிறார்கள். உரித்து எடுக்கலாமா?

#14 – தேம்ஸ்கரை, லண்டன்

அது 'ஸாப்!64'! அந்த இரண்டு சொல்லும் அவர்கள் மதிப்பெண் கட்டத்தில் போடுபவை, விமர்சகர்களின் முகத்தை வரைந்து போடுவதும் அவர்கள் வழக்கம். விளையாட்டின் பெயர் தெரிந்தால் எந்த மாத இதழ் என்று சொல்லிவிடுவேன்.

#15 – பழையடிஸ்க், கண்டி

தங்கச்சியோ தம்பியோ, தயவுசெய்து உரிக்காதீர்கள். கோதுமை மாப் பசையில் ஒட்டி நாற்பது வருடம் காய்ந்த தாள் துண்டு துண்டாகத்தான் வரும். முதலில் சுவரை முழுதாகப் படம் எடுங்கள், எந்தத் தாளுக்குப் பக்கத்தில் எந்தத் தாள் என்று தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு தாளையும் நேராக நின்று, அளவுகோல் ஒன்றை ஓரத்தில் வைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், கதவைத் திறந்து பகல் வெளிச்சத்தில் எடுங்கள். காலண்டரில் ஆண்டு இருந்தால் அதைக் கட்டாயம் எடுங்கள், மற்றத் தாள்களுக்கும் அதுதான் கணக்கு. யார் ஒட்டியது, தாள் எங்கே இருந்து வந்தது என்று அம்மாயியிடம் கேளுங்கள். படம் எல்லாம் எடுத்து முடிந்த பிறகு, உடைக்கும் அன்றைக்கு ஒரு துண்டு காரையோடு சேர்த்து எடுக்க முடியுமா என்று பார்ப்போம்.

#16 – கொழுந்துக்கூடை, ஹட்டன்

இன்றைய நிலவரம். 63இல் 41 பட்டியலில் ஏறிவிட்டது. பென்சில் குறிப்பு இதுவரை 17 பிரதியில். ஃபிரீசரில் இருந்த ஐந்தில் இரண்டை எடுத்து, பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு, அக்கா சொன்னபடி ஈரமாக இருக்கும்போதே, மூங்கில் சீவலால் பிரித்தேன். ஒன்று முழுதாக வந்தது. மற்றதில் நடுவே ஆறு பக்கம் உரிந்துவிட்டது, அதை அப்படியே 'உரிந்தது' என்று எழுதி வைத்தேன். இறுகிய நாலில் மூன்றின் இதழ் எண்ணை லண்டன் அண்ணன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

பெட்டியின் அடியில் செய்தித்தாள் இருந்தது அக்கா. வீரகேசரி, இரண்டு தாள். அதற்குக் கீழே மாமாவின் கையெழுத்தில் ஒரு கொப்பித் தாள், பேசிக் நிரல், 10 முதல் 140 வரை வரி எண் போட்டது. எந்தச் சஞ்சிகையில் இருந்து எழுதினார் என்று தேடிப் பார்த்தேன், இன்னும் கிடைக்கவில்லை. நிரல் ஓடினால் திரையில் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் வரும்படி இருக்கிறது. அதற்குத் தனி இலக்கம் கொடுத்திருக்கிறேன், 064.

மஸ்கெலியாமழை, ஞாயிற்றுக்கிழமை நான் முதல் பஸ்ஸில் வருகிறேன். முக்காலியும் அளவுகோலும் கொண்டு வருகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார், அம்மாயியோடு பேச.

#17 – மஸ்கெலியாமழை, மஸ்கெலியா

வாருங்கள் அண்ணே. அம்மாயியிடம் சொல்லிவிட்டேன், கட்டிலை நகர்த்தி வைக்கச் சொன்னார். ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள். பத்துக்கு மேல் பனி இறங்கிவிட்டால் வாசலால் வெளிச்சம் வராது.